முழங்கால் பரிசீலனையில் இருக்கிறது

உடற்பயிற்சி செய்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அவர்களை விடியற்காலையில் பார்க்கலாம். செய்யாதவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அவர்களை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று சமீப காலமாக நம்மிடையே பெருகி வருகிறது. இவர்கள் உடற்பயிற்சியைச் செய்வதும் இல்லை, செய்யாமல் விடுவதும் இல்லை. அதைச் சீர்திருத்துகிறார்கள்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பூங்காவில் எல்லோரும் வேர்க்க விறுவிறுக்கச் சுற்றி வந்துகொண்டிருக்க, ஒருவர் மட்டும் மண் படாத புத்தம்புதுக் காலணியோடு ஓரமாக நின்று, கைப்பேசியைக் கண்ணருகே தூக்கிப் பிடித்து மும்முரமாக எதையோ தட்டிக்கொண்டிருப்பார். என்ன அவசரம்? வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா? அதெல்லாம் இல்லை. நடையைப் பதிவு செய்யும் செயலியில் ‘தொடங்கு’ பொத்தான் வலது பக்கம் இருக்கிறதாம். அது இடது பக்கம் இருந்தால் மனித குலத்துக்கு எவ்வளவு சௌகரியம் என்று அந்தச் செயலியைச் செய்தவர்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். வெயிலில் நடந்தால் ஆகாது என்று எங்கோ படித்திருக்கிறார். திரும்பி வீட்டுக்குப் போய்விடுவார். போகும்போது அவர் முகத்தில் தெரிகிற களைப்பு இருக்கிறதே, அது ஓடிக் களைத்தவர்கள் முகத்தில்கூட அப்படி வராது.

இந்த ரகத்தில் அசல் உருப்படி ஒன்றை உங்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் அப்டேட் சாரைத்தான் காட்ட வேண்டும். வீட்டில் வைத்த பெயர் வேறு. அலுவலகத்தில் எதைக் கண்டாலும், அது தேநீர் இயந்திரமானாலும் சரி, கழிவறைக் கதவின் தாழ்ப்பாளானாலும் சரி, “இதையே கொஞ்சம் மாத்தி வச்சா நல்லாயிருக்கும்” என்று ஆரம்பித்துவிடுவதால் இந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அவருக்கும் இது தெரியும். தெரிந்து உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு.

அவர் வேலை பார்ப்பது நாற்காலி செய்யும் கம்பெனியில். வாடிக்கையாளர் கருத்துப் பிரிவின் தலைவர். நாற்காலி கிரீச்சிடுகிறது, சக்கரம் ஒரு பக்கமாகவே ஓடுகிறது, கைப்பிடியில் கோப்பை வைக்க ஒரு குழி வைத்தால் என்ன என்று ஊர் உலகமே எழுதும். அத்தனைக்கும் ஒரே பதில்தான் போகும். “தங்கள் மேலான யோசனைக்கு மிக்க நன்றி. அது உரிய பிரிவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டுள்ளது.” இந்த இரண்டு வரியையும் இளம் வயதில் உட்கார்ந்து இழைத்து இழைத்து எழுதியவர் அப்டேட் சார்தான். உரிய பிரிவு என்று அந்தக் கம்பெனியில் எந்த மாடியிலும் எந்த அறையும் கிடையாது. இதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. இந்தச் செய்தியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இவர் ஏன் உடற்பயிற்சிப் பக்கம் வந்தார்? ஆசையா? அவருக்கா? எல்லாம் மகளால் வந்தது. ஒரே மகள். கல்யாணமாகிக் குடியிருப்பது நாலாவது மாடியில். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அப்டேட் சாருக்கோ ஒரு மாடி ஏறினாலே தொடை இரண்டும் வெடவெடக்கும், மூச்சு முட்டும். அப்பா கீழே வந்து நின்று குரல் கொடுப்பார். மகள் துள்ளிக்கொண்டு இறங்கி வருவாள். வாசல் மரத்தடியில் நின்று பேசிவிட்டுப் போவார்கள். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றுதான் அவளே பேச்சை எடுத்தாள்.

“அப்பா, புள்ள பொறந்துட்டா நான் கொஞ்ச நாளைக்கு எறங்க முடியாது. நீங்கதான் ஏறி வரணும்.”

“வரேன்டா கண்ணா. உன் புள்ளையப் பாக்க மலை மேலகூட ஏறுவேன்.”

“மலை எல்லாம் வேணாம்ப்பா. நாலு மாடி போதும்.”

டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். மூட்டில் ஒரு கோளாறும் இல்லை, தொடையில்தான் பலம் இல்லை என்றார். மருந்தும் எழுதித் தரவில்லை. “நாற்காலியில உட்காருங்க, கையை ஊன்றாம எழுந்திருங்க. திரும்ப உட்காருங்க, திரும்ப எழுந்திருங்க. தினமும் செய்யுங்க. முதல்ல தொடை கொஞ்சம் சூடாகி இதமா வலிக்கும், அது நல்ல வலி. குழந்தை பொறக்குறதுக்குள்ள ஜம்முனு ஏறிடலாம்.” வாழ்நாளெல்லாம் நாற்காலியோடு குடித்தனம் நடத்திய மனிதருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு வைத்தியம் சொல்ல முடியுமா? ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. அது ரொம்பவும் எளிமையாக இருந்தது. சீர்திருத்த அதில் இடமே இல்லை.

அந்தக் குறையை மருமகன் தீர்த்துவைத்தார். “மாமா, இதுக்குன்னே ஒரு ஆப் இருக்கு. தினமும் பண்றதை அதுவே கணக்கு வச்சுக்கும்” என்று கைப்பேசியில் இறக்கிக் கொடுத்தார். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார். பாவம், அவருக்கு மாமனாரைப் பற்றி முழுதாகத் தெரியாது.

மறுநாள் காலை கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு, புதுக் கால்சட்டை மாட்டி, கழுத்தில் துண்டைச் சுற்றி, அப்டேட் சார் செயலியைத் திறந்தார். முதல் பயிற்சியே உட்கார்ந்து எழுவதுதான். படத்தில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்டேட் சார் பெண்ணைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தார். பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

“இங்க வந்து பாரேன் இந்த அநியாயத்தை!” என்று மனைவியைக் கூப்பிட்டார்.

“என்னங்க, சுளுக்கிக்கிச்சா?”

“பின்னங்கால் சாய்வே இல்ல இந்த நாற்காலியில. இதுல உக்காந்து எழுந்தா நாற்காலியே பின்னாடி சாஞ்சிடும். இதைப் பாத்து எத்தனை பேர் விழப்போறாங்களோ!”

“நீங்க நம்ம நாற்காலியிலதான உக்காரப் போறீங்க?”

“நான் என்னைப் பத்தி மட்டும் நெனைக்கிற ஆளா?”

அன்றைக்குப் பயிற்சி நடக்கவில்லை, கடிதம் நடந்தது. நாற்காலியின் சாய்வு, கைப்பிடியின் உயரம், இருக்கையின் ஆழம் எல்லாவற்றையும் விளக்கி, விரலால் ஒரு படமும் வரைந்து அனுப்பிவிட்டுத்தான் குளிக்கப் போனார். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. நல்ல ஆரம்பம் என்று தோன்றியது.

பதில் வந்தது. “உங்கள் மதிப்புமிக்க யோசனைக்கு மிகவும் நன்றி! எங்கள் குழு அதைப் பரிசீலிக்கும்.” அப்டேட் சாருக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்துக்குப் போனதும் தன் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணிடம் காட்டினார். அவள் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

“சார், இது நாம அனுப்புற லெட்டர் மாதிரியே இல்ல?”

“ஏம்மா, நாம அனுப்புறது சும்மா. இது அப்படியா? பாரு, ‘மிகவும்’னு போட்டிருக்கான். கடைசியில ஆச்சரியக்குறி வேற. படிக்காதவன் ஆச்சரியக்குறி போடுவானா?”

அவள் பெரிதாகத் தலையாட்டினாள். அவளுடைய சம்பள உயர்வுக்கு அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியுமா? இந்த ரகத்தார் எல்லோருக்கும் ஒரே ஒரு பாராட்டு போதும், அதை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க ஓடுவார்கள், உட்கார்ந்த இடத்திலேயே. பயிற்சிக்குக் கூப்பிடும் குரல் ‘உன்னால் முடியும்’ என்று ஒருமையில் பேசுகிறது, வயதுக்கு மரியாதை கொடுத்து ‘உங்களால் முடியும்’ என்று சொல்ல வேண்டும் என்றும், பின்னணிப் பச்சை கண்ணை உறுத்துகிறது, இளம்பச்சை போதும் என்றும், மழை நாளில் மனிதன் மனம் சோர்ந்திருப்பான், அன்றைக்குப் பாதிப் பயிற்சியை முழுப் பயிற்சியாகக் கருத வேண்டும் என்றும், காலணியை மாட்டிக்கொண்டவனுக்கு அந்த முயற்சிக்காகவாவது சில புள்ளிகள் தர வேண்டும் என்றும், ஒரு நாள் விட்டுப்போனால் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்காமல் ‘நலமா’ என்று கேட்கும் பண்பு செயலிக்கு வேண்டும் என்றும், அலை அலையாக யோசனைகள் போய்க்கொண்டே இருந்தன. நாற்காலி மட்டும் கூடத்தின் நடுவில் போட்டபடி கிடந்தது. காலை நேரம் கடிதத்துக்கு. மாலை நேரம் பதிலை எதிர்பார்ப்பதற்கு.

கிடந்த நாற்காலியை அவர் மனைவி பிடித்துக்கொண்டாள். தொலைக்காட்சித் தொடர் பார்க்கும்போது, விளம்பரம் வந்தால் எழுவாள், முடிந்தால் உட்காருவாள். சில நாள் ஆத்திரத்தில் தொடரிலேயே எழுந்துவிடுவாள், அந்த மாமியார் பாத்திரம் அப்படி.

“நீ செய்யறது கணக்கிலயே வராது, தெரியுமா?” என்றார் அப்டேட் சார் பரிதாபத்தோடு. “ஆப்ல ஏத்தாம பண்றது பண்ணாத மாதிரி.”

“நீங்க ஏத்திட்டுப் பண்ணாம இருக்கீங்களே, அது?”

“அடித்தளம் போடறேன். அடித்தளம் சரியா இல்லாம ஆரம்பிச்சா நிக்குமா?”

“பொண்ணுக்கு மாசம் ஏறிட்டே போகுதுங்க.”

“எனக்குத் தெரியாதா?”

தெரியும். அதுதான் விஷயம். மகளுக்கு மாதம் ஏற ஏற அவருக்கும் உள்ளே ஒரு பயம் ஏறிக்கொண்டே வந்தது. நாற்காலியின் எதிரே போய் நிற்பார். இப்போது உட்கார்ந்து எழுந்து பார்த்து, எழ முடியவில்லை என்றால்? அது தெரியாமல் இருப்பதே நல்லது என்று கை தானாகக் கைப்பேசிக்குப் போய்விடும். யோசனை சொல்லும்போது யாரும் தோற்பதில்லை.

கடைசியில் அவர் வாழ்க்கையின் மகத்தான யோசனை பிறந்தது. மனிதன் பயிற்சியின் நடுவில் உட்கார்ந்துவிடுகிறான். அதனால்தான் உலகம் உருப்படாமல் போகிறது. ஆகவே, நடுவில் உட்கார்ந்தால் செயலி சத்தம் போட வேண்டும். கண்டிப்பான பள்ளிக்கூட டீச்சர் குரலில் போட வேண்டும். கைப்பேசியில் சத்தம் குறைவாக இருந்தால் தானே முழுதாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். மறுபடியும் படி ஏறவோ பயிற்சி செய்யவோ தொடங்கும் வரை ஓயக் கூடாது. முக்கியமாக, நிறுத்துவதற்குப் பொத்தான் வைக்கவே கூடாது, ஏனென்றால் சோம்பேறி முதலில் தேடுவது அதைத்தான்.

“யாருக்காகங்க இதெல்லாம்?” என்றாள் மனைவி.

“சோம்பேறிங்களுக்காக” என்றார் சோபாவில் சாய்ந்தபடி.

விதி என்று ஒன்று இருக்கிறது பாருங்கள். அத்தனை நாளில் ஒன்றைக்கூடக் காதில் போட்டுக்கொள்ளாத அந்தக் குழு, இந்த ஒரு யோசனையை எடுத்துக்கொண்டது. சோதனைப் பதிப்பு ஒன்றை அவருக்கு முதலில் அனுப்பி, ‘எங்கள் சிறப்பு ஆலோசகர்’ என்று ஒரு பட்டத்தையும் கொடுத்தது. அலுவலகம் முழுக்க இனிப்பு. தன் பிரிவுப் பெண்ணிடம் மட்டும் தனியாகப் போய், “உரிய பிரிவுன்னு ஒண்ணு நிஜமாவே இருக்கும்மா, சில கம்பெனியில” என்று சொல்லிவிட்டு வந்தார்.

பேத்தி பிறந்தாள். அப்டேட் சாருக்கு அப்போது பார்த்துக் கடுமையான சளி. தும்மிக்கொண்டே போனவரை மருத்துவமனை வாசலிலேயே நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டார். அறுவை செய்து எடுத்த பிரசவம். மகளை நாற்காலியில் உட்காரவைத்து மருமகனும் அக்கம்பக்கத்தாரும் நாலு மாடியும் தூக்கிக்கொண்டு போனார்கள். படி இறங்கவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. சளி தீர்ந்த கையோடு, பேத்தியைப் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

“மாமா, உங்களையும் நாற்காலியில தூக்கிட்டுப் போயிடவா?” என்று கேட்டார் வாசலில் காத்திருந்த மருமகன்.

“எனக்கு என்ன கேடு? நீங்க முன்னாடி போங்க, நான் வந்துட்டே இருக்கேன்.”

மருமகன் பைகளோடு ஏறினார். மனைவி ஏறினாள், நின்று பார்க்காமல், மூச்சிரைக்காமல். அப்டேட் சார் செயலியில் ‘மாடிப்படி’ என்பதைத் தொட்டுவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பற்றினார். முதல் மாடி வரை பேத்தியின் முகத்தை நினைத்துக்கொண்டே ஏறினார். அதற்கு மேல் முகம் மறந்துவிட்டது, மூச்சுதான் நினைப்பில் இருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் தொடை வெடவெடவென்று ஆட, ஒரு நிமிஷம் என்று படியிலேயே உட்கார்ந்தார்.

சட்டைப் பை வெடித்தது.

“எழுந்திருங்கள்! உட்காரும் நேரமா இது? எழுந்திருங்கள்!”

பதறிப்போய் எடுத்தார். நிறுத்தும் பொத்தானைத் தேடினார். இருந்தால்தானே? பக்கவாட்டில் இருந்ததை அமுக்கினார், அது “உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?” என்று வேறொரு குரலில் கேட்டது, அதையும் மீறி டீச்சர் கத்தினாள். வலது பக்கக் கதவு திறந்தது, சவர நுரையோடு ஒரு முகம் எட்டிப் பார்த்தது. இடது பக்கக் கதவு திறந்தது, ஒரு அம்மாள், பின்னால் இரண்டு பிள்ளைகள். மேலே, எங்கேயோ உச்சியில், ஒரு சின்னஞ்சிறு குரல் வீறிட்டு அழ ஆரம்பித்தது. தன் பேத்தியின் குரலை அப்டேட் சார் முதன்முதலாகக் கேட்டது இப்படித்தான்.

“என்னங்க அது சத்தம்?” மனைவி மேலிருந்து எட்டிப் பார்த்தாள். “இப்பத்தான் தூங்கினா! ஏறி வாங்களேன், அதுவே வாயை மூடிக்கும்! உங்களுக்குன்னு வாசல்லயே நாற்காலி போட்டு வச்சிருக்கா உங்க பொண்ணு!”

ஏற வேண்டும் என்றுதான் எழுந்தார், சத்தியமாக. கைப்பிடியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கி மேல்படியில் வைத்தார். அந்தக் கால் வரமாட்டேன் என்றது. நின்ற இடத்தில் நின்றாலும் டீச்சர் விடவில்லை. அசைய வேண்டும் என்பதும் அவர் யோசனைதானே? நுரை முகம் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சிரித்தன. அவமானம் பிடுங்கித் தின்ன, அப்டேட் சார் ஒரு படி கீழே இறங்கினார்.

டீச்சர் சட்டென்று ஓய்ந்தாள்.

இறங்கினாலும் அது படிதானே? இன்னொரு படி இறங்கினார். அமைதி. இன்னொன்று. தெருவுக்கு வந்து சேர்ந்ததும் கைப்பேசி இனிமையாக மணியடித்து, “வாழ்த்துகள்! இன்றைய மாடிப்படிப் பயிற்சியை வெற்றிகரமாக முடித்துவிட்டீர்கள்!” என்றது. மரியாதைப் பன்மையில்தான் சொன்னது.

காவலாளியின் நாற்காலி காலியாக இருந்தது. விழுந்தாற்போல் உட்கார்ந்தார். கிரீச் என்றது. அவர் கம்பெனி நாற்காலிதான்; அந்தக் கிரீச்சைப் பற்றி எழுதியவர்களுக்கெல்லாம் மிக்க நன்றி சொன்னவரும் அவர்தான். மலை ஏறுவதாகச் சொன்ன வாய் உலர்ந்து கிடந்தது.

கைப்பேசி அழைத்தது. மகள்.

“அப்பா, பரவால்லப்பா. அம்மாவுக்குப் பச்சப் புள்ளையக் கீழ எறக்க மனசில்ல. நான் ஜன்னல்கிட்ட வரேன், எழுந்து பாருங்க.”

எழுந்தார். கிரீச். நாலாவது மாடி ஜன்னலில் வெள்ளைத் துணியின் ஒரு மூலை தெரிந்தது.

“தெரியுறாளாப்பா?”

“தெரியுறாம்மா” என்றார். “மூக்கு அப்படியே உன் மூக்கு.”

குழந்தை அழுதது, ஜன்னல் காலியானது, உட்கார்ந்தார். மகள் மறுபடி வந்து நின்றாள், எழுந்தார். போனாள், உட்கார்ந்தார். வந்தாள், எழுந்தார். பார்வை முழுக்க மேலேயே இருந்ததால் கையை எங்கேயும் ஊன்றவில்லை. எத்தனை முறை என்று அவரும் எண்ணவில்லை, யாரும் எண்ணவில்லை. துணி கொஞ்சம் விலகி ஒருமுறை கறுப்பாகத் துளி முடி தெரிந்தது. அவர் தன்னை மறந்து சிரித்தார்.

கையில் தேநீரோடு திரும்பி வந்த காவலாளி கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்தார்.

“என்ன சார், எக்சர்சைஸ் பண்றீங்களா?”

அப்டேட் சார் திகைத்துப்போனார். தொடையைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. இதமாக வலித்தது. டாக்டர் சொன்ன அந்த வலி! கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆக, அவரால் முடியும். இன்றைக்குப் போலவே நாளைக்கும் செய்தால், மாதக் கடைசிக்குள் அந்த வாசல் நாற்காலியில் போய் உட்கார்ந்து, பேத்தியை மடியில் வாங்கிக்கொள்ளலாம்.

அவசர அவசரமாகக் கைப்பேசியை எடுத்தார். செய்த பயிற்சியில் ஒன்றுகூட அதில் ஏறியிருக்கவில்லை. அநியாயமல்லவா இது? உட்கார்ந்தார், வசதியாகச் சாய்ந்துகொண்டார், தட்ட ஆரம்பித்தார். “ஐயா, பயனர் தன்னை அறியாமலே செய்யும் பயிற்சிகளையும் செயலி தானாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்படி செய்தால்...”

மேலே ஜன்னலில் மகள் மறுபடியும் வந்து நின்றாள். இந்த முறை குழந்தை விழித்திருந்தது. அதன் குட்டிக் கையைப் பிடித்துத் தாத்தாவைப் பார்த்து ஆட்டினாள், இன்னும் கொஞ்சம் ஆட்டினாள். கீழே வழுக்கைத் தலை மட்டும் குனிந்தபடி தெரிந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இப்படியும் ஒரு மனிதரா என்று வாய்விட்டுக்கூடக் கேட்கலாம். ஆனால் படித்துக்கொண்டே வரும்போது, நடுவில் அந்தக் கடிதப் பகுதியைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம், முடிவில் அவரை நாலு மாடியும் ஏற்றிவிட்டிருந்தால் மனசுக்கு நிறைவாக இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அதை நாங்களும் கவனித்தோம். தங்கள் மேலான யோசனைக்கு மிக்க நன்றி. அது உரிய பிரிவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டுள்ளது.

அது இருக்கட்டும், இதைப் படிக்க உட்காருவதற்கு முன்னால் நீங்கள் என்ன செய்வதாக இருந்தீர்கள்?